நாக்குப் படாத தளிகை

ருக்மிணிக்கு அன்று காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்தில் யாராவது பைலும் கையுமாகத் திரும்பினால் போதும், ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். வந்தவர் கேஸ் கனெக்ஷன் ஆள் என்று தெரிந்த பிறகும் அவர் சந்து முனை தாண்டும்வரை வாசலை விட்டு நகரவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆட்கள் அந்த வட்டாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் ஒரு பிரியாணிக் கடையையும் ஒரு பேக்கரியையும் மூடி சீல் வைத்துவிட்டார்கள். ருக்மிணியின் சமையற்கூடத்து லைசென்ஸும் புதுப்பிக்க வேண்டிய நேரம். அதில் ஒரு கோணல் வந்தால், பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த தொழில் அத்தோடு முடிந்தது.

அவளுடைய தொழிலே ஒரு மாதிரியானது. மாமனார் காலத்தில் மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஐயங்கார்க் குடும்பங்கள் மல்லேஸ்வரத்திலும் ராஜாஜி நகரிலும் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இப்போது சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். வாரம் முழுக்க பீட்சா தின்பார்கள். ஆனால் வீட்டில் ஒரு சீமந்தம், ஒரு சஷ்டியப்தபூர்த்தி என்றால் மட்டும் மடியான தளிகை வேண்டும். அதாவது, குளித்து மடி வேஷ்டி கட்டியவர் சமைக்க வேண்டும். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும்வரை, அதாவது நைவேத்தியம் ஆகும்வரை, எவர் நாக்கிலும் ஒரு சொட்டுப் படக்கூடாது, சமைத்தவர் நாக்கிலும்தான். ருக்மிணியின் வேனில் அதைத்தான் கொட்டை எழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைத்திருந்தாள்: 'நாக்குப் படாத தளிகை.'

அந்த வரிக்கு உயிர் கொடுப்பவர் சீனிவாசராகவன். எல்லாருக்கும் சீனு மாமா. வாசனையிலேயே உப்புத் தெரியும் என்பார். "நாக்கால பார்த்து சமைக்கறவன் ஹோட்டல்காரன், மூக்கால பார்த்து சமைக்கறவன் பரிசாரகன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வேனில் முன்சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். "பெருமாளோட தளிகைக்குத் துணையா நான் பின்னாடிதான் வருவேன்" என்று அண்டாக்களுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கதவையும் உள்ளிருந்து சாத்திக்கொள்வார். அந்தப் பக்தியைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே ருக்மிணி பல ஆர்டர்கள் பிடித்திருக்கிறாள்.

இன்ஸ்பெக்ஷன் பயத்தில் அவள் முந்தின நாள் சிவாஜிநகர் போய் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்திருந்தாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், தூக்குகள், ஈயம் போன சம்புடங்கள் எல்லாம் பரணுக்குப் போயின. பருப்பு, புளி, உப்பு, பெருங்காயம் என்று கம்ப்யூட்டரில் அடித்த லேபல்களை ஒவ்வொரு மூடியின்மேலும் நடுவாக ஒட்டினாள். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஒட்டிய கையோடு போட்டோ எடுத்து அக்காவுக்கும் அனுப்பினாள். பித்தளை அண்டா துலக்குகிற வெள்ளைப் பொடியைக்கூட விடவில்லை, அதற்கும் ஒரு டப்பா. பார்ப்பதற்கு அசல் தூள் உப்புதான். சிக்பேட்டையில் அதை விற்ற பாத்திரக்கடைக்காரர், "வாயில கீயில பட்டுடப் போறது, வயித்துக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அதனால் அந்த டப்பாவுக்கு இடம் சமையல் மேடையில் இல்லை, பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு அடியில்.

அன்று மல்லேஸ்வரத்து மண்டபம் ஒன்றில் ஒரு சீமந்தம். நிருபமா என்பவரின் மருமகள் அனன்யாவுக்கு. தளிகை முக்கால்வாசி முடிந்திருந்தது. ரசத்துக்குச் சாத்தமுது, பொரியலுக்குக் கறியமுது, பாயசத்துக்குத் திருக்கண்ணமுது என்றுதான் அந்த வீடுகளில் பெயர். ருக்மிணி பாக்கெட்டைப் பிரித்து உப்பு டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கிறவள் அண்டாவுக்குப் பொடி எடுத்துக்கொண்டு அந்த டப்பாவையும் திறந்தபடி மேடையிலேயே விட்டுப் போயிருந்தாள். இதென்ன இங்கே என்று ருக்மிணி வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பைல். இந்தத் தடவை கேஸ் ஆள் இல்லை.

என்ன செய்தாள் என்று பிறகு அவளுக்கே சரியாக நினைவில்லை. திறந்து கிடந்ததையெல்லாம் படபடவென்று மூடினாள். உப்பு என்று மூடியில் எழுதியிருந்த டப்பாவை அடுப்புப் பக்கம் தள்ளினாள். மற்றதைத் தொட்டிக்கு அடியில் வைத்தாள். முந்தானையால் மேடையை ஒரு தடவை துடைத்துவிட்டுச் சிரித்த முகமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவள் பெயர் ஷோபா. கன்னடக்காரி, தமிழும் கலந்து பேசினாள். சிடுசிடுப்பு இல்லை, ஆனால் கண் எதையும் விடவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சீனு மாமாவிடம் தலைக்குத் தொப்பி எங்கே என்று கேட்டாள்.

"பிளாஸ்டிக் மடிக்கு ஆகாதும்மா."

"முடி சாம்பாருக்கு ஆகுமா சாமி?"

சீனு மாமா மடித்துணி ஒன்றை எடுத்துத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு குழம்பைக் கிளறப் போனார். ருக்மிணிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எல்லா சென்னாகிதே, நல்லாவே இருக்கு மேடம். ரெண்டே பாயின்ட்தான்" என்றாள் ஷோபா அடுப்படியைப் பார்த்து முடித்ததும். "ஒண்ணு, லேபலை மூடியில ஒட்டினா பிரயோஜனம் இல்ல. மூடி மாறிப்போகும். டப்பா மேல ஒட்டணும், ஆய்த்தா? இன்னொண்ணு, இங்கிருந்து அனுப்பறதுக்கு முன்னாடி யாரு டேஸ்ட் பண்றது?"

ருக்மிணி நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் பெருமையான பதில் இருந்தது. "யாரும் பண்றதில்லை. எங்க ஸ்பெஷாலிட்டியே அதுதான்."

"அது எப்படி மேடம்? கெட்டுப்போச்சா, ஏதாவது விழுந்துதா, யாருக்குத் தெரியும்? ஒருத்தர் பேரு வேணும். திங்கக்கிழமை வர்றேன், ரெண்டையும் சரி பண்ணி வையுங்க."

தளிகை அண்டாக்களும் சீனு மாமாவும் ஏறியதும் வேன் கிளம்பிப் போனது. ஷோபா பாத்ரூமையும் தண்ணீர்த் தொட்டியையும் பழைய பில்களையும் நிதானமாக ஒரு மணி நேரம் பார்த்து முடித்து வாசற்படியில் நின்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாலகுமாரிடமிருந்து போன் வந்தது. பாலகுமார் வேன் ஓட்டுகிறவன், தர்மபுரிக்காரன், பொம்மனஹள்ளியில் இருப்பவன். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். அவன் குரலே அன்று ஏறியிருந்தது.

"மாமி, மாமா சாம்பார் அண்டாவக் கவுத்துட்டாரு. மண்டபத்துப் பின்னாடி எறக்கும்போது. ஒரு கரண்டிகூட மிஞ்சல."

ருக்மிணி ஷோபாவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தாள். "கைநழுவிடுத்தா?"

"கால் தடுக்கிடுச்சுங்கறாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன், எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப அவரே பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்திக் கழுவிட்டிருக்காரு. மடி ஆளு, தரை கழுவறாரு மாமி! நடுநடுவுல வாய் வேற கொப்பளிச்சுக்கிட்டே இருக்காரு. அப்புறம், உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க புதுசா எதுவும் செய்ய வேண்டாமாம். அவர் வர்ற வரைக்கும் அடுப்படியில எதையும் தொட வேண்டாமாம்."

அதைக் கேட்டதும் ருக்மிணிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கொட்டினதும் கொட்டி, அதிகாரம் வேறா? வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, ஒப்புக்கொள்ள மனசில்லை. இந்த ஆர்டரோடு மாமாவுக்கு ஒரு வேஷ்டி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

ஷோபா போனதும் அடுப்பைப் பற்றவைத்தாள். மீதி இருந்த வெந்த பருப்பில் அவசரத்துக்கு ஒரு குழம்பு வைத்து ஆட்டோவில் கொண்டுபோய்விடலாம். புளி கரைத்தாயிற்று. கொதி வரும்வரை சும்மா நிற்க முடியாமல், லேபலை உரித்து டப்பாமேல் ஒட்டிவிடலாமே என்று தொட்டிக்கு அடியிலிருந்து ஆரம்பித்தாள். துலக்குப்பொடி டப்பாவின் மூடியைத் திறந்தபோது, வெள்ளைக்கு நடுவில் நீலமாக ஒரு துண்டு துருத்திக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். உப்புப் பாக்கெட்டைக் கத்தரித்தபோது விழுந்த பிளாஸ்டிக் மூலை.

அவளுக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள்.

உப்பு.

தொட்டிக்கு அடியில் இருப்பது உப்பு. அப்படியானால் அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு என்று அழகாக நடுவில் ஒட்டின மூடிக்குக் கீழே இருப்பது? அந்த டப்பாவைப் பார்த்தாள். மேலாகக் குழிந்திருந்தது. சீனு மாமா கை அள்ளுகிற அளவு எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

அடுப்பை அணைத்தாள். அந்த டப்பாவை எட்டத் தள்ளி வைத்தாள். குழம்புதான் கொட்டிப் போயிற்றே என்று ஒரு நினைப்பு ஓடி வந்து ஆறுதல் சொன்னது. அதன் பின்னாலேயே அடுத்தது வந்தது: கூட்டு? சாத்தமுது? புளியோதரை? மணி அடித்தபோது எது அடுப்பில் இருந்தது, எதற்கு உப்புப் போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை? நினைவைப் பிழிந்து பார்த்தாள். ஷோபாவின் அடையாள அட்டை மட்டும்தான் கண்முன் வந்தது.

பாலகுமாருக்குப் போன் போட்டாள். "மாமாகிட்டக் குடு."

"மடியில இருக்காரு மாமி, போனைத் தொட மாட்டாரு. பெருமாளுக்கு நைவேத்தியம் பண்ணத் திரை போட்டுட்டாங்க, உள்ள இருக்காரு."

"யாரும் எதையும் சாப்பிடக் கூடாது. நான் வரேன். நான் வர வரைக்கும் இலையில எதுவும் விழக் கூடாது, புரியறதா?"

"நான் சொன்னா யார் மாமி கேப்பாங்க?"

அவன் சொன்னதும் சரிதான். நிருபமாவுக்கே போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சீமந்தத்தில் மாமியார்க்காரி போனையா பார்த்துக்கொண்டிருப்பாள்!

ஆட்டோ கிடைத்தது. அல்சூர் ஏரியைத் தாண்டுவதற்குள் அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். எம்.ஜி. ரோடு சிக்னலில் வண்டிகள் அசையவே இல்லை. அனன்யாவை அவள் பார்த்திருக்கிறாள். மெனு பேச வந்தபோது மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, "மாமி, எனக்குப் புளியோதரை மட்டும் நிறைய வையுங்கோ" என்று வெட்கப்பட்டுச் சொன்ன பெண். முதல் இலை அவளுக்குத்தான் போடுவார்கள். ருக்மிணி ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள், அப்படிக் குனிந்தால் வண்டி வேகமாகப் போகும் என்பதுபோல.

"பையா, கொஞ்சம் சீக்கிரம் போப்பா."

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். சிக்னல் நம்ம மாமனாரு வீடா, போய்த் தட்டினா தொறக்கறதுக்கு?"

மற்ற நாளாக இருந்தால் அவனுக்குச் சரியாக ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று ராமா ராமா என்று முணுமுணுக்கத்தான் முடிந்தது.

மண்டபத்துப் பின்வாசலில் இறங்கியபோது நாதஸ்வர ரிக்கார்டு ஓய்ந்திருந்தது. திரை விலகியாயிற்று. கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சீனு மாமா பின்கட்டுக் குழாயடியில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த உப்பு உப்பில்லை."

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"தெரியும்" என்றார்.

"எது எதுல போட்டேள்?"

"குழம்புல மட்டுந்தான். அதுதான் போயிடுத்தே. பரிமாறச் சொல்லு, நாழியாறது."

"கூட்டுக்கு எப்போ போட்டேள்? அந்தம்மா வரதுக்கு முன்னாடியா, வந்தப்புறமா?"

"முன்னாடிதான்... இல்லை, கூட்டு..." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஞாபகம் இல்லை. ஆனா சரியா இருக்கு."

"ஞாபகம் இல்லைங்கறேள், சரியா இருக்குங்கறேள். எப்படித் தெரியும்?"

சீனு மாமா குழாயைத் திருகி மூடினார். மூடின பிறகும் திருகிக்கொண்டிருந்தார். உள்ளே நிருபமாவின் குரல் கேட்டது. "அனன்யா, இப்படி நடு இலைல உக்காரும்மா. முதல்ல புளியோதரை கொண்டு வாங்கோ!"

ருக்மிணி கூடத்து வாசல் பக்கம் திரும்பினாள். "நான் உள்ளே போய் யாரும் சாப்பிடாதீங்கோன்னு கத்தப் போறேன் மாமா. தொழிலே போனாலும் போகட்டும். அந்தப் பொண்ணு வயித்துல குழந்தை இருக்கு. நாக்குல பட்டுதா, படலையா? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பாலகுமார் தூரத்தில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் அவ்வளவு சின்னவராக அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"பட்டுது."

"எது?"

"எல்லாம். ஒண்ணு விடாம. உள்ளங்கைல ஒரு சொட்டு விட்டு. வேன்லயே." குரல் கிட்டத்தட்ட இல்லை. "எப்பவுமே வேன்லதான் ருக்மிணி. மூக்கை நம்பி நூறு பேருக்கு எப்படிப் போடறது? பயமா இருக்காதா? குழம்பு நாக்குல பட்டதும் நெருப்பா எரிஞ்சுது. துப்பிட்டேன். யார்கிட்ட என்னன்னு சொல்றது? சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. அதான் தடுக்கி விழுந்தேன்."

ருக்மிணி அவரையே பார்த்தாள். ஏமாற்றிவிட்டாரே என்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் இந்த மனுஷரின் மூக்கைப் பற்றிப் பேசியிருக்கிறாள்! அதே நேரத்தில் அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதற்கும் நேரமில்லை. உள்ளே ஓடினாள். பரிமாறப் போனவனை நிறுத்தி, பெருமாள் கண்டருளியதுதானே என்று ஒரு கிழிசல் இலையில் ஒவ்வொன்றிலும் துளி வாங்கி, நின்றபடியே வாயில் போட்டாள். புளியோதரை, கூட்டு, கறியமுது, சாத்தமுது, திருக்கண்ணமுது. எல்லாம் எப்போதும்போல அற்புதமாக இருந்தன. "ம், போடு" என்றாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அனன்யா இரண்டாவது தடவை புளியோதரை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் நிருபமா பின்கட்டுக்கே தேடி வந்தார். "குழம்பு இல்லாதது ஒரு குறையாவே தெரியலை மாமி. யார் நாக்கும் படாத தளிகைன்னா அந்த ருசியே தனிதான்!" சீனு மாமா மோர் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். ருக்மிணி கைகூப்பினாள். திரும்பும் வழியில் மாமாவைக் கட்டாயப்படுத்தி முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு டாக்டரிடம் காட்டினாள். நாக்கு நுனி வெந்திருக்கிறது, நல்லவேளை விழுங்கவில்லை என்றார் டாக்டர். மூடியை மாற்றிப் போட்டவள் நான்தான் என்று ருக்மிணி வேனிலேயே சொன்னாள். மாமா, "போறது போ" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஷோபா வந்தாள். டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் இப்போது வயிற்றில் ஒட்டியிருந்தது. அந்த வெள்ளைப் பொடி வீட்டை விட்டே போயிருந்தது. வாசலில் நின்ற வேனில் பழைய கொட்டை எழுத்து இருந்த இடத்தில் ஈரம் காயாத பெயின்ட். இரண்டு வீட்டு ஆர்டர் போகும், போனால் போகட்டும் என்று நினைக்கப் பழகிக்கொண்டிருந்தாள் ருக்மிணி. நினைத்துவிட்டு, ஆர்டர் நோட்டை எடுத்து இன்னொரு தடவை எண்ணியும் பார்த்துக்கொண்டாள்.

"டேஸ்ட் பண்றவங்க பேரு?" என்றாள் ஷோபா பேனாவைத் திறந்து.

"நான்தான், ருக்..." என்று இவள் ஆரம்பிப்பதற்குள் அடுப்பண்டையிலிருந்து குரல் வந்தது.

"சீனிவாசராகவன்னு எழுதிக்கோங்கோ."

சொன்னவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் சாத்தமுதை ஊற்றி, ஊதி, இரண்டு பேர் பார்க்க வாயில் விட்டுக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு பன்னிரண்டு வருஷத்தில் அந்த அடுப்படியில் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"உப்புப் போறாது."

ருக்மிணி டப்பாவை எடுத்தாள். உப்பு என்று மூன்று பக்கமும் எழுதியிருந்தது. படித்தாள், மூடியைத் திறந்தாள், ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மாமாவிடம் நீட்டினாள்.